வளையல் போட்ட கை

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்று என் மகன் டிவியில் பொய் சொன்னான்.

ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டோம். புது நிகழ்ச்சி, பெயர் 'தாய்க்கரண்டி'. இதுவரை ரூபன் ஏதோ சமையல் போட்டியில் நடுவராக ஓரத்தில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது அரை மணி நேரமும் அவனுக்கே. வெள்ளைக் கோட்டு, கறுப்பு ஏப்ரன், அளவாக வெட்டிய தாடி. பாளையங்கோட்டையில் அரை டவுசர் போட்டுக்கொண்டு சைக்கிள் டயர் உருட்டினவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி ஒரு பளபளப்பு.

மீன் குழம்பு வைத்தான். புளியைக் கரைத்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "இது எங்க அம்மா வைக்கிற குழம்புங்க. ஸ்கூல் விட்டு வந்தா வாசல்லயே வாசனை வரும். ஓடிப்போய் கையை நீட்டுவேன். அம்மா கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவாங்க." சொல்லிவிட்டு இடது உள்ளங்கையைக் குழித்து, அதில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கினான். "ஆஹா!" என்று கண்ணை மூடினான்.

ஹெலன் சிரிக்க ஆரம்பித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த அம்மா அவள்தான்; அவளுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது. மீன் குழம்பு என்ன, வெந்நீர் தவிர எதுவும் வைக்கத் தெரியாது. ஓய்வு பெறும்வரை பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். பகல் டூட்டி, நைட் டூட்டி, கூப்பிட்டால் ஓட வேண்டிய டூட்டி. வீட்டின் முன்னறையிலேயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவன் நான். காலை பேட்சுக்கும் மாலை பேட்சுக்கும் நடுவில் உள்ளே வந்து சமைத்தவனும் நான்தான். அந்தச் சொட்டை விட்ட கரண்டி என் கையில் இருந்தது.

"பய எப்படிப் புளுகுதான் பாத்தியளா" என்றாள் ஹெலன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"டிவின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கென்ன வந்தது.

பிப்ரவரி 7, செவ்வாய்

கேஸ் வந்தது. காபிப்பொடி தீர்ந்தது. ஹெலனுக்கு இனிமேல் கப்பில் முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும். முழுக்க ஊற்றினால் சாஸரில் சிந்துகிறது. கப்பின் பிடி சரியில்லை, வேறு பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ரூபன் இந்த வீட்டில் ஒரு நாளும் 'ஆஹா' சொன்னதில்லை. உள்ளங்கையை நக்கிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உப்பு பத்தல" என்பான். உப்பு சரியாகத்தான் இருக்கும். நான் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, வெறும் விரலைக் குழம்பின் மேல் உதறி, ஒரு கிண்டு கிண்டி, மறுபடியும் ஒரு சொட்டு விடுவேன். அதையும் நக்கிவிட்டு "இப்ப சரி" என்பான். இன்னொரு சொட்டு வேண்டும் என்று கேட்க அவன் கண்டுபிடித்த வழி அது. அது எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். இதையெல்லாம் டிவியில் சொன்னால் யார் பார்ப்பார்கள்?

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஹெலனைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம். எதிர்த்த வீட்டு எப்சிபா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசமா பக்கத்துல இருக்கேன், ஒரு கிண்ணம் குழம்பு குடுத்திருப்பியாட்டி? கள்ளி! மீன் புளிக்கறிக்கு என்ன போடுவ, சொல்லு" என்கிறாள். எப்சிபா அக்காவுக்கு நான் குடுத்தனுப்பிய கிண்ணங்கள் எத்தனை என்று கர்த்தருக்குத்தான் தெரியும். எல்லாம் ஹெலன் கணக்கில் போய்விட்டது போலிருக்கிறது.

ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி வந்து அவள் காதில் "வறுத்த வெந்தயம்" என்றேன். "வறுத்த வெந்தயம்க்கா" என்றாள் ஹெலன், ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிற கம்பீரத்தோடு.

பிப்ரவரி 26, ஞாயிறு

ரூபன் பேசினான். ஹெலன் குளித்துக்கொண்டிருந்ததால் அவள் போனை நான் எடுத்தேன்.

"அப்பா, நல்லாருக்கியளா?"

"நல்லாருக்கோம். நீ சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. அம்மாட்ட குடுங்க."

அம்மா வருகிறவரை அவனும் நானும் போனை வைத்துக்கொண்டு நின்றோம். அங்கே மழையா என்று கேட்டேன். பிப்ரவரியில் என்ன மழை. என்னத்தையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். அவன் என் போனுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை, இரண்டு போனும் ஒரே மேசையில்தானே கிடக்கின்றன.

மார்ச் 12, ஞாயிறு

இன்றைக்கு நிகழ்ச்சியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். 'அம்மா பூண்டை இப்படி முழுசா போடுவாங்க, அம்மா தேங்காயைக் கடைசியிலதான் போடுவாங்க, அம்மா மூடி வைச்சு கரெக்டா பத்து நிமிஷம் விடுவாங்க.' அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டைப்ரைட்டிங் பரீட்சையில் ஸ்பீடு பேப்பர் பத்து நிமிஷம். சோற்றை மூடி வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் மாணவர்களுக்கு ஒரு ஸ்பீடு பேப்பர் கொடுப்பேன், அவர்கள் அடித்து முடித்ததும் உள்ளே வந்து திறப்பேன். என் வீட்டுச் சமையலுக்குக் கடிகாரம் அதுதான். அதையும் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஹெலனிடம் கொட்டிவிட்டேன். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எங்க அப்பான்னு சொன்னா அவன் வாயில இருக்க முத்து உதுந்துருமா?" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். டிவியை அணைத்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது" என்றாள். "அவன் சொல்லுதது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஆனா கேக்க நல்லா இருக்குங்க. அவன் ஸ்கூல் விட்டு வாரப்ப நான் ஒரு நாளாவது வீட்டுல இருந்திருக்கேனா? ஊரான் வயித்தக் கிழிச்சித் தச்சிட்டு நிப்பேன். நாலு பேரு வந்து 'ஒன் கைப் பக்குவத்துல வளந்த பிள்ள'ன்னு சொல்லும்போது, நெசமாவே நான்தான் ஆக்கிப் போட்ட மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போட்டுமேங்க."

இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

மார்ச் 28, செவ்வாய்

ரூபன் ஹெலனுக்கு போன் செய்தான். மே மாதம் அன்னையர் தினத்துக்கு விசேஷ நிகழ்ச்சியாம். இங்கே நம் வீட்டுக்கே வந்து படம் எடுக்கப் போகிறார்களாம், ஏப்ரல் கடைசியில். அம்மா சமைக்க வேண்டும், மகன் பக்கத்தில் நின்று உதவி செய்ய வேண்டும்.

ரூபன் வீட்டுக்கு வந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. ஹெலன் போனை வைத்துவிட்டு, "மாட்டிக்கிட்டேன்" என்றாள். நான் மாடிக்குப் போய் அவன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஒட்டடை அடிக்க வேண்டும். மெத்தையை வெயிலில் போட வேண்டும்.

ஏப்ரல் 3, திங்கள்

ஹெலனுக்குச் சமையல் பாடம் ஆரம்பம். மாணவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"புளித்தண்ணி எத்தன மில்லி?"

"மில்லி எல்லாம் கிடையாது. பாத்தா தெரியும்."

"பாத்தா எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில மருந்த ரெண்டு சிட்டிகைன்னு எழுதிக் குடுத்தா ஆள் செத்துப் போவான். அளவு சொல்லுங்க."

மத்தியானம் முழுக்கச் சண்டை. வெங்காயம் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் அரிந்தாள். பாதி அரிந்ததும் கத்தியை வைத்துவிட்டு, "போதும், நீங்க அரிங்க" என்றாள். வெங்காயம் காரமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி தியான ஆராதனை. வந்து கஞ்சி. ஹெலன் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

ஏப்ரல் 15, சனி

இன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. சேனலிலிருந்து வர்ஷினி என்று ஒரு பெண் பேசினாள். அவள்தான் இந்த நிகழ்ச்சியின் டைரக்டராம். நல்ல பெண், மூச்சு விடாமல் பேசுகிறாள். "அங்கிள், வஞ்சிரம் மட்டும் அரேஞ்ச் பண்ணிடுங்க, பெரிய பெரிய பீஸா இருந்தா ஃபிரேம்ல நல்லா இருக்கும்" என்றாள். தடைக்காலத்தில் வஞ்சிரம் ஐஸில் கிடந்த கிழவனாகத்தான் இருக்கும் என்றேன். நாங்கள் வைத்ததெல்லாம் சாளை மீன்தான், அது தடை இல்லாத நாட்டுப்படகு வள்ளக்காரர்களிடம் கிடைக்கும் என்றேன். "சாளைன்னா?" என்றாள். மத்தி என்றேன். "அது சின்னதா இருக்குமே அங்கிள்" என்று வருத்தப்பட்டாள்.

சம்பளம் வருவதற்கு முன் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டைக் காப்பாற்றிய மீன் அது. ரூபனுக்கு முள் எடுத்துக் கொடுத்தே என் நகக்கண்ணில் வாசனை போகாமல் இருந்தது. இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் "சார், கீபோர்டு மணக்கு" என்று கேலி செய்வார்கள்.

கடைசியில் படத்துக்கு வஞ்சிரம், வீட்டுக்குச் சாளை என்று முடிவு செய்துகொண்டேன். ரூபனுக்கென்று தனிச் சட்டியில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 25, செவ்வாய்

மெத்தை காய்ந்தது. புது உறை போட்டேன். மின்விசிறி சத்தம் போட்டது, எண்ணெய் விட்டேன். சாயங்காலம் வர்ஷினி போன். எல்லோருக்கும் ஜங்ஷன் பக்கம் ஓட்டலில் ரூம் போட்டாயிற்றாம், ரூபனுக்கும்தான். "காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவோம் அங்கிள், உங்களுக்கு எந்த சிரமமும் இல்ல."

சிரமம் இல்லையாம்.

ஏப்ரல் 26, புதன்

கை எரிகிறது. இருந்தாலும் இன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

காலையில் இரண்டு வேன். வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். என் அடுப்படியில் கறுத்த சட்டிகளையெல்லாம் எடுத்துப் பின்கட்டில் குவித்துவிட்டு, அவர்கள் கொண்டுவந்த புது மண்சட்டிகளை அடுக்கினார்கள். சுவரில் பூசணிக்கொடி மாதிரி ஒயர். ரூபன் வந்ததும் "அப்பா" என்று என் தோளைத் தொட்டான், அதற்குள் யாரோ அவன் முகத்துக்குப் பவுடர் போட இழுத்துக்கொண்டு போனார்கள். மெலிந்திருக்கிறான். ஊரெல்லாம் சமைத்துப் போடுகிறவன் சாப்பிடுகிறானா என்று தெரியவில்லை.

ஏற்பாடு இப்படி. ஹெலன் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று சமைக்கிற மாதிரி காட்டுவார்கள். நிஜக் குழம்பை நான் பின்கட்டில் ஒரு ஸ்டவ்வில் வைத்துத் தயாராகக் கொடுக்க வேண்டும். "அங்கிள், நீங்க மட்டும் ஃபிரேம்ல வந்துடாதீங்க ப்ளீஸ்" என்று வர்ஷினி கும்பிட்டாள். "அம்மா எபிசோட் இல்லையா, அப்பா தெரிஞ்சா ஃபீல் மாறிடும்." நான் ஏன் வரப்போகிறேன் என்றேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நான் சொல்லிக் கொடுத்ததை ஹெலன் ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னாள். ரூபன், "அம்மா, இதை எவ்வளவு நேரம்மா மூடி வைக்கணும்?" என்று கேட்டதற்கு, "ஒரு ஸ்பீடு பேப்பர் நேரம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட். ரூபன் பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். மறுபடி எடுத்தார்கள், பத்து நிமிஷம் என்றாள்.

அப்புறம் கைக்கு குளோசப். கரண்டியால் குழம்பை அள்ளி ரூபன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட வேண்டும். ஹெலன் கரண்டியைத் தூக்கினாள். கரண்டி நடுங்கிற்று. குழம்பு அடுப்பிலும் சேலையிலும் சிந்தியது. "ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்றான் கேமராக்காரன். மறுபடி தூக்கினாள், மறுபடி சிந்தியது. வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து நடுங்கின.

எழுதத்தான் வேண்டும். கப்பின் பிடியில் குற்றம் இல்லை. வெங்காயத்திலும் குற்றம் இல்லை. போன வருஷம் மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் நூல் பிசகாமல் நின்ற கை. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்குத் தெரியாத வியாதியா, பாத்துக்கலாம்" என்பாள். ரூபனிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். எழுதினால் நிஜமாகிவிடும் என்று இந்த டைரியில்கூட எழுதாமல் இருந்தேன்.

ரூபன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். டிவி முகம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்காகக் காத்திருப்பானே, அந்தச் சின்னப் பயல் முகம் வந்துவிட்டது. நான் பின்கட்டுக் கதவோரம் நின்றபடி, எங்கே அத்தனை பேர் முன்னாடி கேட்டுவிடுவானோ என்று பதறினேன். அவன் கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மாவுக்கு லைட் சூடு ஒத்துக்கல. அவங்க முகம் போதும். கைக்கு எங்க அப்பா கையை எடுங்க" என்றான்.

"சார், ஜென்ட்ஸ் கைன்னு தெரிஞ்சிடும் சார்" என்றாள் வர்ஷினி.

"ஷேவ் பண்ணுங்க. வளையல் போடுங்க. எங்க அப்பா கை வேணும்."

மேக்கப் போடுகிறவர் முற்றத்தில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்கைவரை சோப்பு நுரை தடவி, கையைச் சிரைத்தார். எழுபதை நெருங்குகிற வயதில் எனக்கு இந்த அலங்காரம். ஹெலன் தன் இரண்டு தங்க வளையல்களையும் கழற்றிக்கொண்டு வந்தாள். "கொண்டாங்க கைய" என்றாள். அவள் விரல் நடுங்கியது. நான் விரல்களைக் குவித்து அசையாமல் வைத்துக்கொண்டேன். சோப்பு வழுக்கலில் மணிக்கட்டை நெரித்துக்கொண்டு இரண்டும் ஏறிவிட்டன. "எனக்கிருக்கதவிட ஒங்களுக்கு நல்லாருக்கு" என்று சிரித்தாள். அவள் கண் சிரிக்கவில்லை.

ஹெலன் நின்ற இடத்தில் என்னை நிறுத்தி, சேலை முந்தானையை முழங்கையில் போட்டார்கள். கேமராவுக்குக் கையும் கரண்டியும் மட்டும். வர்ஷினி விளக்கினாள்: "அங்கிள் சொட்டு விடணும், சார் டேஸ்ட் பண்ணிட்டு 'ஆஹா' சொல்லிட்டு, அந்தக் கையை எடுத்து முத்தம் குடுக்கணும். அவ்வளவுதான்."

ரூபன் உள்ளங்கையை நீட்டினான். பெரிய கையாகிவிட்டது. எண்ணெய் தெறித்த புள்ளிகள், கட்டைவிரல் ஓரம் வெட்டுத் தழும்பு. எல்லாம் எனக்குத் தெரியாமல் பட்ட காயங்கள். நான் ஒரு சொட்டு விட்டேன். அவன் நக்கினான். பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"உப்பு பத்தல" என்றான்.

"கட், கட்! சார், என்ன சார் ஆச்சு? 'ஆஹா' சார்!"

"இன்னொரு டேக் போலாம்" என்றான், கையை எடுக்காமல்.

நான் உப்பு ஜாடிக்குள் கையை விட்டேன். வெறும் விரலைக் குழம்பின் மேல் உதறினேன், ஒரு கிண்டு கிண்டினேன். வளையல் ஜாடியில் இடித்தது. இன்னொரு சொட்டு விட்டேன்.

"உப்பு பத்தலப்பா."

வர்ஷினி தலையில் கை வைத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஹெலன் மட்டும் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மறுபடி உதறினேன், மறுபடி ஒரு சொட்டு. "இப்ப சரி" என்றான். அதற்கப்புறம்தான் அவர்களுக்கு வேண்டிய ஆஹாவைச் சொன்னான், என் கையை எடுத்து முத்தம் கொடுத்தான். கட் சொன்ன பிறகும் கையை விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்றேன். கேஸ் அடுப்பில் என்ன புகை.

வளையல்கள் கழலவில்லை. யூனிட் ஆட்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, ரூபன் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்கட்டுக்கு வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எண்ணெய் தடவித் தடவி மெதுவாக உருட்டினான்.

"எப்ப இருந்துப்பா அம்மாவுக்கு இப்படி?"

"போன மழையில இருந்து."

"ஏன் சொல்லல?"

"அவ சத்தியம் வாங்கிட்டா." சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நீயும் எங்கிட்ட பேசுனாத்தானல சொல்லுததுக்கு."

அவன் தலையைத் தூக்கவில்லை. ஒரு வளையல் கழன்றது.

"சேனல்ல அம்மான்னாத்தான்ப்பா எடுப்பாங்க. முதல் நாள் அப்பான்னுதான் சொன்னேன். மாத்துங்கன்னுட்டாங்க. ஒரு தடவ மாத்துனேன், அப்படியே போயிட்டு. ஒங்களுக்கு போன் பண்ணி என்ன சொல்லன்னு தெரியல. வெக்கமா இருந்துச்சு."

"சரி விடு. அம்மாவுக்கு அதுல சந்தோசம்" என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன்.

இரண்டாவது வளையலும் கழன்றது. அதற்குள் வாசலில் ஹாரன். தூத்துக்குடியில் விமானம் பிடிக்க வேண்டுமாம். ஹெலனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் போய்விட்டான். தனிச் சட்டியில் வைத்த சாளைக் குழம்பு மூடியபடியே இருந்தது. அதைச் சொல்லவாவது செய்திருக்கலாம். வாய் வரை வந்தது, வண்டி கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 27, வியாழன்

நேற்றைக் குழம்பை இரண்டு பேரும் சாப்பிட்டோம். மறுநாள் சாளை ருசிதான். ரூபன் அறை ஜன்னலைச் சாத்தினேன்.

மே 3, புதன்

கையில் முடி முளைக்கிறது. அரிப்பு தாங்கவில்லை. வங்கிக்குப் போகவும் முழுக்கைச் சட்டை. மேனேஜர், "சார், இந்த வெயில்ல எப்படி?" என்கிறார். எப்படியோ என்றேன்.

மே 14, ஞாயிறு

எப்சிபா அக்கா தலைமையில் பாதித் தெரு எங்கள் வீட்டுக் கூடத்தில். ஹெலன் பட்டுச்சேலையில் டிவிக்குள்ளும் இருந்தாள், நாற்காலியிலும் இருந்தாள். நான் முழுக்கைச் சட்டையில் சுவரோரம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

'உப்பு பத்தல' என்றதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். ஸ்பீடு பேப்பரும் போயிற்று. ஆனால் கை வந்தது. திரை முழுக்க என் கை. இரண்டு தங்க வளையலோடு, நிதானமாக ஒரு சொட்டு விட்டது. கீழே 'அம்மாவின் கை' என்று எழுத்து ஓடியது, வயலின் வாசித்தார்கள். ரூபன் அதை எடுத்துக் கண்ணை மூடி முத்தமிட்டான். எப்சிபா அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஹெலன், இந்த வயசுலயும் ஒன் கை எம்புட்டு அழகா இருக்குட்டி. ஒரு நடுக்கம் இல்ல, ஒண்ணு இல்ல!"

ஹெலன் தன் கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்று பயந்து நான் தலையை ஆட்டினேன். "அந்தக் கை இல்லன்னா எங்க வீட்டுல ஒண்ணும் நடக்காதுக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் போனபின் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு போன் அடித்தது. ஹெலனுடையது என்று விட்டுவிட்டேன். "ஏங்க, அது ஒங்க போனு" என்று கத்தினாள். அதன் மணி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. ஈரக்கையோடு எடுத்தேன்.

"அப்பா."

"என்னல, அம்மாட்ட குடுக்கவா?"

"வேண்டாம். ஒங்ககிட்டதான் பேசணும். பாத்தியளா?"

"பாத்தோம். கூடம் நிறைய ஆளு."

"எப்படிப்பா இருந்துச்சு?"

நல்லா இருந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஹெலன் வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு பத்தல" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சனிக்கிழம வாரேம்ப்பா" என்றான். "கேமரா கிடையாது. நான் மட்டும். திங்கக்கிழம அம்மாவ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவோம், பேசி வச்சிருக்கேன்."

"ஓட்டல்ல ரூம் போட்டுட்டியா?"

"அப்பா..." என்றான்.

சரி என்று வைத்துவிட்டேன். நாளைக்கு மெத்தையை மறுபடி வெயிலில் போட வேண்டும். தடைக்காலம் இன்னும் முடியவில்லை, வள்ளக்காரர்களிடம் இப்போதே சாளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.